ஹார்வர்டு மருத்துவப் பள்ளி

ஹார்வர்டு மருத்துவப் பள்ளி என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் இயங்கும் மருத்துவக் கல்லூரி ஆகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமான இது 1782ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் இயங்கிவரும் மருத்துவக் கல்லூரிகளுள் பென்சில்வேனியா, கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களின் கல்லூரிகளுக்கு அடுத்து மூன்றாவது பழமையானது. இங்கு "பள்ளி" என்ற சொல் பல்கலைக்கழகத்தின் ஒரு புலத்தைக் குறிக்கிறது.

இக்கல்லூரியைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவருக்கு முதலில் வியப்பளிப்பது ஒரு செய்தி: இதற்குச் சொந்தமாக மருத்துவமனை கிடையாது. இந்தியாவில் மருத்துவக் கல்லூரி தொடங்குவோர் அதற்குரிய மருத்துவமனையையும் காட்டியாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியையும் அதன் எதிரிலேயே இருப்பதுபோல் நாம் நினைக்கும் பெரிய ஆஸ்பத்திரியையும் பிரித்துப் பார்ப்பதே கடினம்; இரண்டையும் நடத்துவது ஒரே அரசு. ஹார்வர்டிலோ கல்லூரி பல்கலைக்கழகத்துடையது. மருத்துவமனைகள் தனித்தனி அறக்கட்டளைகளுடையவை. இரண்டையும் இணைப்பவை ஒப்பந்தங்கள் மட்டுமே. இக்கல்லூரியின் பெருமைகள் பலவும், அதன் மீதான குறைகள் பலவும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறந்தவை.

நோயாளிகளைத் தேடி

1782இல் மூன்று பேராசிரியர்களுடன் கல்லூரி தொடங்கியது. அமெரிக்க விடுதலைப் போரில் படை மருத்துவராக இருந்த ஜான் வாரன் உடற்கூறியலும் அறுவை மருத்துவமும் கற்பித்தார். பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் மருத்துவம் கற்பித்தார். 1800இல் அமெரிக்காவுக்குப் பசு அம்மைப்பால் குத்தும் முறையைக் கொண்டுவந்து, முதலில் தம் மகனுக்கே குத்தியவர் இவர். ஏரன் டெக்ஸ்டர் வேதியியல் ஆசிரியர். 1788இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் இருவர் மட்டுமே.

அக்காலத்தில் ஹார்வர்டு கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜ் சார்லஸ் ஆற்றின் அக்கரையில் இருந்த ஒரு சிற்றூர். விரிவுரை நடத்த அங்கே கட்டடம் இருந்தது. காட்டிக் கற்பிக்க நோயாளிகள் இல்லை. எனவே 1810இல் மருத்துவப் பள்ளி மட்டும் பாஸ்டன் நகருக்குள் குடிபெயர்ந்தது. வாட்டர்ஹவுஸ் இதை எதிர்த்தார்; சக பேராசிரியர்களுடன் மூண்ட பூசலின் முடிவில் 1812இல் பதவியிழந்தார்.

இடம்பெயர்ந்த அதே ஆண்டில் ஜேம்ஸ் ஜாக்சன், ஜான் காலின்ஸ் வாரன் (ஜான் வாரனின் மகன்) ஆகிய இரு பேராசிரியர்கள் பாஸ்டனின் செல்வந்தர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினர். ஏழை நோயாளிகளுக்கும் மருத்துவக் கல்விக்கும் ஒரு பொது மருத்துவமனை தேவை என்பதே அதன் சாரம். 1811இல் அரசின் உரிமை ஆவணம் கிடைத்தது. போர்க்காலத் தடங்கல்களுக்குப் பின் 1821இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் ஹார்வர்டு பேராசிரியர்கள்தாம். ஆனால் நன்கொடை அளித்த நகரத்தாரின் அறங்காவலர் குழுவே அதன் உரிமையாளர் ஆயிற்று. இன்றுவரை தொடரும் இரட்டை ஏற்பாட்டின் தொடக்கம் இதுதான்.

அன்றைய மருத்துவமனைக்கு வந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வசதி படைத்தவர்களை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வீடும் கவனிக்க ஆளும் இல்லாதவர்களே மருத்துவமனைப் படுக்கைக்கு வந்தனர். மாணவர்கள் கற்றது அவர்களிடம்தான். இறந்த பின்னும் நிலை அதுவே. உடற்கூறியல் வகுப்புகளுக்காகக் கல்லறைகளிலிருந்து உடல்கள் திருடப்பட்ட காலம் அது. 1831இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டம், உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவக் கல்விக்கு வழங்க வழிசெய்தது. திருட்டு குறைந்தது. ஏழைகளின் உடலே மேசைக்கு வந்தது என்பது மட்டும் மாறவில்லை.

1849இல் நடந்த ஒரு கொலை இக்கல்லூரியை உலகச் செய்தியாக்கியது. நகரின் பெருநிலக்கிழாரும் கல்லூரிக் கட்டடத்துக்கு நிலம் அளித்தவருமான ஜார்ஜ் பார்க்மன், வேதியியல் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரிடம் கடனை வசூலிக்கச் சென்றவர் திரும்பவில்லை. கல்லூரியின் காவலாளி எஃப்ரைம் லிட்டில்ஃபீல்டு சந்தேகப்பட்டு, ஆய்வகத்தின் அடியில் இருந்த சுவரை இடித்துப் பார்த்தபோது உடற்பகுதிகள் கிடைத்தன. மருத்துவக் கல்லூரியில் உடற்பகுதிகள் கிடப்பது அதிசயமில்லையே! அது பார்க்மனின் உடல்தான் என்று எப்படி நிறுவுவது? உலையில் எஞ்சியிருந்த பொய்ப்பற்கள் தாம் செய்து கொடுத்தவையே என்று பல் மருத்துவர் நேத்தன் கீப் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வெப்ஸ்டர் 1850இல் தூக்கிலிடப்பட்டார். பல்லைக் கொண்டு அடையாளம் காணும் தடயவியலின் தொடக்க கால வழக்குகளில் ஒன்றாக இது கற்பிக்கப்படுகிறது.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1846 அக்டோபர் 16 அன்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை அரங்கில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். வலியின்றி அறுவை செய்ய முடியும் என்று பொதுவில் மெய்ப்பித்துக் காட்டிய நிகழ்ச்சி அது. அந்த அரங்கு இன்று "ஈதர் மாடம்" என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. மார்ட்டன் ஹார்வர்டில் சில காலம் படித்தவர், பட்டம் பெறாதவர், வாரன் ஹார்வர்டு பேராசிரியர், இடமோ மருத்துவமனையுடையது. இந்தச் சாதனை யாருடையது என்ற கேள்வி அன்றே எழுந்தது.

வாய்மொழித் தேர்வு முதல் எழுத்துத் தேர்வு வரை

புகழ் இப்படி வளர்ந்தாலும், 1860களில் இங்குக் கல்வித்தரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மாணவர்கள் ஒவ்வொரு பேராசிரியரின் வகுப்புக்கும் தனித்தனியாக நுழைவுச்சீட்டு வாங்கினர். அந்தப் பணம் பேராசிரியர்களுக்கே போயிற்று. இறுதியில் ஒன்பது பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் வாய்மொழியாகக் கேள்வி கேட்பர். அவர்களுள் ஐந்து பேர் தேர்ச்சி என்றால் பட்டம். நான்கு பாடங்களில் ஒன்றுமே தெரியாதவரும் மருத்துவர் ஆகலாம் என்பது இதன் பொருள்.

1869இல் பல்கலைக்கழகத் தலைவரான சார்லஸ் எலியட் இதை மாற்ற முனைந்தார். அவர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். 1871 முதல் மூன்றாண்டுப் படிநிலைக் கல்வி, எழுத்துத் தேர்வு, எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி, பேராசிரியர்களுக்கு நிலையான சம்பளம் ஆகியவை நடைமுறைக்கு வந்தன. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ கடுமையாக எதிர்த்தார். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒழுங்காக எழுதவே வராது, எழுத்துத் தேர்வை எப்படி வைப்பது என்பது அவர் வாதம். சீர்திருத்தம் தேவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு இருக்க முடியாது. மாணவர் எண்ணிக்கை முதலில் சரிந்து, பின்னர் மீண்டது. 1892இல் நான்காண்டுப் படிப்பு கட்டாயமாயிற்று.

வெண்பளிங்குக் கட்டடங்களும் பக்கத்து மருத்துவமனையும்

1906இல் கல்லூரி பாஸ்டனின் லாங்வுட் பகுதியில் ஐந்து வெண்பளிங்குக் கட்டடங்களுக்குக் குடிபுகுந்தது. இன்றும் அதன் மையம் அங்கேதான். கட்டடங்கள் எழுந்தபோதே சுற்றியுள்ள நிலத்துக்கு மருத்துவமனைகளை ஈர்ப்பது திட்டமாக இருந்தது. 1913இல் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை பக்கத்திலேயே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் குழந்தைகள் மருத்துவமனையும் அங்கு வந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பால்டிமோரில் மருத்துவமனையையும் கல்லூரியையும் ஒன்றாகக் கட்டி நடத்திய காலம் அது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை அதையே முன்மாதிரியாகக் காட்டியது. ஹார்வர்டால் அவ்வாறு செய்ய இயலவில்லை. அதற்குப் பதிலாக, பேராசிரியரையும் மருத்துவமனைத் துறைத் தலைவரையும் கூடிப் பேசி ஒருவராகவே நியமிப்பது என்ற வழியை அது பிடித்தது. ஹாப்கின்ஸிலிருந்து வந்த மூளை அறுவை முன்னோடி ஹார்வி குஷிங், பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகவும் ஹார்வர்டு பேராசிரியராகவும் ஒரே வேளையில் இருந்தார். அந்த வழக்கம் இன்றும் நீடிக்கிறது.

இரண்டு கதவுகள்

கல்லூரியும் மருத்துவமனையும் வேறு வேறு என்றால் மாணவர் நுழைய வேண்டிய கதவுகளும் இரண்டு. ஒன்று திறந்தும் மற்றொன்று திறக்காமல் போனவர்கள் உண்டு. சிலருக்கு முதல் கதவே திறந்த கையோடு மூடியது.

1850இல் மூன்று கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். அப்போது புலத்தலைவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பிள்ளை பெற்ற தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலை மருத்துவர்களின் கைகளே பரப்புகின்றன என்று 1843இலேயே எழுதிய துணிச்சல்காரர் அவர். ஆனால் வெள்ளை மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தபோது அவரும் பேராசிரியர்களும் பணிந்தனர். மூவரும் தொடர்ந்து படிக்க முடியவில்லை. அதே காலத்தில் சேர விரும்பிய ஹாரியட் ஹண்ட் என்ற பெண்ணும் மாணவர்களின் எதிர்ப்பால் விலக நேர்ந்தது.

வில்லியம் அகஸ்டஸ் ஹிண்டன் 1912இல் பட்டம் பெற்றார். கல்லூரி பட்டம் கொடுத்தது. பாஸ்டன் மருத்துவமனைகள் அவர் கறுப்பினத்தவர் என்பதால் பயிற்சி மருத்துவர் இடம் கொடுக்கவில்லை. நோயாளிகளைத் தொட முடியாத அவர் ஆய்வகத்துக்குள் ஒதுங்கி, மேகநோயைக் கண்டறியும் தம் பெயர் தாங்கிய சோதனையை உருவாக்கினார். பல பத்தாண்டுகள் கற்பித்த பின், ஓய்வுக்குச் சற்று முன்னர் 1949இல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பேராசிரியர் அவரே. கல்லூரியில் ஹோம்ஸ் பெயரில் இருந்த மாணவர் பிரிவுக்கு அண்மைக் காலத்தில் ஹிண்டனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டன் 1919இல் இங்கு உதவிப் பேராசிரியர் ஆனார். ஹார்வர்டில் ஆசிரியப் பதவி பெற்ற முதல் பெண் இவர். ஆசிரியர் மன்றத்துக்குள் நுழையக் கூடாது, பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்து ஆட்டச் சீட்டுக் கேட்கக் கூடாது என்பவை அவருக்கு விதிக்கப்பட்டவை. அவர் இருந்த காலம் முழுவதும் பெண்கள் மாணவர்களாகச் சேர முடியவில்லை. 1945இல்தான் 12 பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டனர்.

ஆராய்ச்சி

இக்கல்லூரியின் பெயரில் சொல்லப்படும் கண்டுபிடிப்புகளில் பெரும்பங்கு அதன் கட்டடங்களில் நிகழவில்லை. கூட்டு மருத்துவமனைகளின் படுக்கையருகே நிகழ்ந்தவை.

1920களில் உயிர்கொல்லி இரத்தசோகை என்பது பெயருக்கேற்ற நோய். வந்தால் சாவு உறுதி. ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகியோர் தினமும் கணிசமான அளவு ஈரல் உண்ணக் கொடுத்து 45 நோயாளிகள் தேறியதை 1926இல் அறிவித்தனர். மைனாட் நீரிழிவு நோயாளி. இன்சுலின் கண்டறியப்பட்டதால் உயிர் பிழைத்து, பிறரைப் பிழைக்க வைத்தவர். இருவரும் ஜார்ஜ் விப்பிளுடன் 1934இல் நோபல் பரிசு பெற்றனர். ஈரல் ஏன் குணமாக்குகிறது என்ற கேள்வியை பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் காசில் எடுத்துக்கொண்டார். அவர் தாமே மாட்டிறைச்சி உண்டு, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியெடுத்து, அதைப் பக்குவப்படுத்திக் குழாய் வழியே நோயாளிகளின் வயிற்றுக்குள் செலுத்தினார். இறைச்சியை மட்டும் உண்டவர்கள் தேறவில்லை. இதைப் பெற்றவர்கள் தேறினர். நலமான இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று நோயாளிகளிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. உள்ளே போவது என்னவென்று நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை.

சென்னையோடு தொடர்புடைய ஒரு பெயரும் இங்கு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் 1922இல் பாஸ்டன் சென்றார். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதியோடு போனவர் அவர். வயிற்றுப்பாட்டுக்குப் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்தார். பின்னர் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்கு-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். தசையின் ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியாட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் இவ்விருவரும் பிரித்தெடுத்தனர், ஏ.டி.பி.யை அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டறிந்தார்.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குச் சென்று அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதற்கு எதிராகச் செயற்படும் அமினோப்டெரினையும் உருவாக்கியது. அந்த மருந்து பாஸ்டனுக்கே திரும்பி வந்தது. குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அதுவரை எந்த மருந்துக்கும் அடங்காத நோய் அது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். ஃபார்பரின் பெயர் இன்று டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் நிற்கிறது.

1954 டிசம்பர் 23 அன்று பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மரே தலைமையிலான குழு, ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை இதுவே. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்தாமா என்பதைத் தோல் ஒட்டு வைத்துச் சோதித்தனர். காவல் நிலையத்தில் கைரேகையும் எடுத்தனர். அறுவை நுட்பத்தைவிடக் கடினமாக இருந்தது ஓர் அறக்கேள்வி: நலமாக உள்ள ஒருவரின் உடலை, அவருக்கு எந்தப் பயனும் இல்லாதபோது, மருத்துவர் அறுக்கலாமா? ரிச்சர்டு மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மரே 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வறத்தைப் பற்றிய முக்கியமான குரல் ஒன்றும் இந்த வட்டத்துக்குள்ளிருந்தே வந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மயக்கவியலாளரும் ஹார்வர்டு பேராசிரியருமான ஹென்றி பீச்சர், நோயாளிகளுக்குத் தெரிவிக்காமலோ அவர்களை ஆபத்துக்கு உட்படுத்தியோ நடத்தப்பட்ட 22 ஆய்வுகளை 1966இல் எடுத்துக்காட்டினார். ஊர்பேர் தெரியாத இதழ்களில் அல்ல, மதிப்புமிக்க இதழ்களில் வந்த ஆய்வுகள் அவை. நோயாளியின் ஒப்புதல் பற்றிய பின்னாளைய விதிமுறைகளுக்கு இக்கட்டுரை பெரிதும் தூண்டுகோலாயிற்று. 1968இல் மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்த ஹார்வர்டு குழுவின் தலைவரும் இவரே.

இன்றைய கல்வி

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புவோர் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அதன்பின் மருத்துவப் பள்ளியில் பெறுவது எம்.டி. பட்டம். நம் நாட்டு எம்.டி.யோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இது எம்.பி.பி.எஸ். போல மருத்துவத்தின் முதற்பட்டம். சிறப்புப் பயிற்சி அதற்குப் பிறகு மருத்துவமனைகளில் நடைபெறும். ஹார்வர்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 165 மாணவர்கள் சேர்கின்றனர். அவர்களுள் சுமார் 30 பேர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடன் 1970இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில், பொறியியலும் அடிப்படை அறிவியலும் கலந்த மருத்துவம் பயில்கின்றனர்.

1985இல் புலத்தலைவர் டேனியல் டாஸ்டசன் காலத்தில் "புதிய பாதை" என்ற கல்வித்திட்டம் வந்தது. நீண்ட விரிவுரைகளைக் குறைத்து, ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, சிறு குழுவாக அமர்ந்து விடை தேட வைப்பது அதன் முறை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதை முன்பே தொடங்கியிருந்தது. ஹார்வர்டு ஏற்ற பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. 2015இல் மீண்டும் ஒரு மாற்றம்: வகுப்பறைப் பாடங்கள் ஏறக்குறைய 14 மாதங்களாகச் சுருக்கப்பட்டு, இரண்டாம் ஆண்டின் இடையிலேயே மாணவர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.

அந்த ஓராண்டு முழுவதையும் மாணவர் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையில் கழிக்கிறார். முன்பு மருத்துவத்துக்கு ஒன்று, அறுவைக்கு ஒன்று, மகப்பேற்றுக்கு வேறொன்று என்று அலைந்ததில், மாணவரை முழுதாக அறிந்த ஆசிரியர் ஒருவரும் இல்லாமல் போயிற்று. கேம்பிரிட்ஜ் நகர மருத்துவமனையில் இன்னும் ஒருபடி மேலே சென்று, மாணவரை வார்டுக்குப் பதிலாக நோயாளிகளோடு இணைக்கின்றனர். ஒரு கர்ப்பிணியைப் பரிசோதனைக் கூடத்தில் சந்திக்கும் மாணவர், பிரசவத்தின்போதும் பின்னர் குழந்தையின் தடுப்பூசிக்கும் உடன் இருப்பார். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரி செய்த சோதனைகளில், என் பார்வையில், இதுவே மிக நல்லது.

கூட்டு மருத்துவமனைகள்

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, பிரிகாம் மகளிர் மருத்துவமனை, பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையம் ஆகியவை இணைந்துள்ள நிறுவனங்களில் பெரியவை. கண், மனநலம், நீரிழிவு, மறுவாழ்வு ஆகியவற்றுக்குத் தனி நிலையங்களும் உள்ளன. கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தாலும், மிகப் பெரும்பாலோருக்குச் சம்பளம் தருபவை இந்த மருத்துவமனைகளே. அரசின் ஆராய்ச்சி நிதியும் பெருமளவு நேரே அவற்றுக்கே செல்கிறது. "ஹார்வர்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் படிக்கும்போது, அவர்கள் ஒரு மருத்துவமனையின் ஊழியர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனால் விளையும் நன்மை, ஒரு பல்கலைக்கழகம் தானாகக் கட்டவே முடியாத அளவுக்குப் படுக்கைகளும் துறைகளும் மாணவருக்குக் கிடைப்பது. சிக்கல், மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்களாக இருப்பது. பொது மருத்துவமனையும் பிரிகாமும் 1994இல் ஒரே குழுமமாக இணைந்தன. பெத் இஸ்ரேல், டீக்கனஸ் என்ற இரு தனி மருத்துவமனைகள் 1996இல் ஒன்றாயின. இந்த முடிவுகளை எடுத்தவை மருத்துவமனைகளின் அறங்காவலர் குழுக்களே, கல்லூரி அல்ல. பல பத்தாண்டுகளாகப் பிரிகாமுடன் சேர்ந்து புற்றுநோய் சிகிச்சை அளித்துவந்த டேனா-ஃபார்பர், அந்த உறவை முடித்துக்கொண்டு பெத் இஸ்ரேல் டீக்கனஸுடன் இணைந்து புதிய புற்றுநோய் மருத்துவமனை கட்டப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. மூன்றும் ஹார்வர்டு பேராசிரியர்கள் பணியாற்றும் இடங்கள். மூன்றும் லாங்வுட்டில் சில நிமிட நடைத்தொலைவில் உள்ளவை.